கலாயோகியின் அச்சியந்திரம்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைப் பற்றி நம்மவர் எழுதப்புகும்போது, தில்லைக் கூத்தன் திருநடனத்திற்கு அவர் கண்ட பொருளையே பெரும்பாலும் முதலிற் கூறுவர். அது முறையே. ஆயினும் அப்பெருமகனார் வாழ்வில் அதிகம் பேசப்படாத வேறொரு பகுதியும் உண்டு. முப்பதாம் வயதில் அவர் ஓர் அச்சகத்துக்கு உடையவராயிருந்தார். தாம் எழுதிய பெருநூலைத் தமது இல்லத்திலேயே கையச்சியந்திரத்தில் அச்சிடுவித்து, 425 பிரதிகள் போதுமென நிறுத்திக்கொண்டார். அந்நூலை இன்று அரும்புத்தகம் சேர்ப்போர் நாடுதோறும் தேடுகின்றனர். கலைப்பொருள் என்பது கையாளுதற்கு உரியது, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்தற்கு உரியதன்று என வாழ்நாளெல்லாம் வாதித்த ஒருவர், பேழைக்குள் வைத்துக் காக்கப்படும் நூலொன்றைத் தாமே ஆக்கினார். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அவர் வரலாற்றோடு சேர்த்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையறுத்த பதிப்பு என்பது யாதென முதலிற் கூறிவிடுதல் நன்று. இத்தனை பிரதிகளே என முன்னரே அறுதியிட்டு, அத்தொகை அச்சானதும் கோத்த எழுத்துக்களைக் கலைத்துவிடுவர். பிரதித் தொகையையும் அச்சிட்ட இடத்தையும் காலத்தையும் நூலின் இறுதியிற் குறித்துவைப்பர். சில அச்சகத்தார் பிரதிதோறும் தொடரெண்ணும் இடுவர். நம் முன்னோரும் ஏட்டுச்சுவடியின் கடையில் எழுதினவர் பெயரையும் எழுதி நிறைவேறிய நாளையும் பொறித்துவைத்தனராதலின் இவ்வழக்கம் நமக்கு முற்றும் புதியதன்று. சேகரிப்போர் முதலிற் புரட்டுவது அந்தக் கடைசிப் பக்கத்தையே. படங்கள் எல்லாம் உளவா, பழைய கட்டு மாறாதிருக்கின்றதா, தாளின் ஓரம் அரியப்படாதிருக்கின்றதா என்றெல்லாம் பார்த்த பின்னரே விலை பேசுவர். வாங்கிய நூலைப் படிப்போரும் அவர்களுட் சிலர் உளர்.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆந் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்தினர். சட்டநிரூபண சபை உறுப்பினர். 1863ஆம் ஆண்டில் இலண்டனிற் பாரிஸ்டரான பேரறிஞர். 1874இல் நைற் பட்டம் பெற்றவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் புதல்வர்கள். எனவே அவ்விருவரும் ஆனந்தருக்கு அத்தை மக்களாவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். ஆனந்த கென்றிஷ் குமாரசுவாமி என்னும் முழுப்பெயரின் நடுவிலுள்ள சொல் தாய்நாட்டை நினைவுறுத்துவது.

தந்தையாரும் நூலாக்கத்தில் ஈடுபட்டவரே. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இலும், பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தையும் தாதவம்சத்தையும் மொழிபெயர்த்து 1874இலும் இலண்டனில் வெளியிட்டார். சைவராகப் பிறந்து பௌத்த நூல்களை மேனாட்டாருக்கு அறிமுகஞ்செய்த அப்பரந்த உள்ளம் மகனுக்கும் வாய்த்தது. மகன் தந்தையை அறிய வாய்ப்பிருந்ததில்லை. மனைவியும் குழந்தையும் முன்னரே இங்கிலாந்து சென்றிருக்க, தாமும் கப்பலேற ஆயத்தமாயிருந்த நிலையில், 1879ஆம் ஆண்டு மே மாதம் முத்துக்குமாரசுவாமி கொழும்பிற் காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. இளம் விதவையான தாய் மகனை இங்கிலாந்திலேயே வளர்த்தார்.

குளொஸ்ரர்ஷயரிலுள்ள விக்ளிவ் கல்லூரியில் அவர் பயின்றார். பழைய மாணவர் மலருக்கு எழுதும்போது ஒன்றைக் கூறாது விடலாகாது. பிற்காலத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நூல்களும் கட்டுரைகளும் எழுதிய இவ்வறிஞரின் முதற்கட்டுரை 1895ஆம் ஆண்டிற் கல்லூரிச் சஞ்சிகையிலேயே வெளியாயிற்று. பொருள், கல்லூரிக்கு அருகிலிருந்த குன்றொன்றின் மண்ணும் பாறையும். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் தாவரநூலும் கற்றுச் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். 1902இல் எதெல் மேரி பாற்றிஜ் என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் கைவினையில் ஈடுபாடுடையவர். அவருடைய சகோதரர் ஆஷ்பி என்பவரின் கைவினைஞர் கழகத்தில் நகைத்தொழில் செய்தவர். இந்த உறவு பின்னர் அச்சகத்துக்கு வழிகாட்டியது.

1903 முதல் 1906 வரை ஆனந்தர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னுங் கனிப்பொருளை 1904இல் உலகுக்கு அறிவித்தது அவருடைய ஆராய்ச்சியே. கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிற் சென்றவர் கண்டது கல்லை மாத்திரமன்று. தந்தக் கடைசலும் அரக்கு வேலையும் பித்தளைச் செதுக்கலும் பாயிழைத்தலும் இன்னும் சில குடும்பங்களில் உயிரோடிருந்தன. ஆயினும் அவ்வேலைகளை வேண்டி வருவோர் இல்லை. அரண்மனைக்கும் விகாரைக்கும் தொழில்செய்து அதற்கீடாக மானிய நிலம் உண்டு வாழ்ந்த குடிகள் அவர்கள். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் ஆதரிக்கும் அரசர் இல்லாதொழிந்தனர். தகரச் சாமான்களும் சாயத் துணிகளும் கப்பலில் வந்திறங்கின. உள்ளூர்ப் பெரியோரும் அவற்றையே விரும்பினர். 1905இல் ஆனந்தர் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றெழுதி, பழைய கட்டடங்களையும் தொழில்களையும் பேணுமாறு வேண்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவியதும், பிறநாட்டு உடையையும் நடையையும் கண்டவாறு பின்பற்றுவதைக் கண்டித்ததும் இக்காலத்திலேயே.

இக்கைவினைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதுவதற்கு வேண்டிய குறிப்புக்களை அந்நான்கு ஆண்டுகளில் திரட்டிவிட்டார். நிழற்படங்களுட் பல எதெல் அம்மையார் எடுத்தவை. கொல்லன் எவ்வாறு உலையை மூட்டினான், ஓவியன் எதனின்று நிறம் எடுத்தான், புத்தர் சிலைக்கு விழி திறக்கும் சடங்கு எவ்வாறு நிகழ்ந்தது, சிற்பிக்குக் கிடைத்த நெல் எவ்வளவு என்பன போன்ற செய்திகளை அவர் நேரிற் கேட்டும் ஏட்டுச்சுவடிகளிற் கண்டும் சேர்த்தார். சிங்களக் கலை எனத் தலைப்பிட்டாரெனினும், கண்டிக் கைவினைக் குடிகளுட் பல தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவையே என்பதை அவர் மறைக்கவில்லை. நாட்டின் இரு சாராரும் இன்றும் நின்று வாசிக்கவேண்டிய பக்கங்கள் அவை. நூலுக்கு இடைக்காலச் சிங்களக் கலை எனப் பெயரிட்டார். அதில் வரும் பொருள்களுட் பெரும்பாலன பதினெட்டாம் நூற்றாண்டின. ஆயினும் அவற்றை ஆக்கியோர் வாழ்ந்த முறை ஐரோப்பாவின் இடைக்காலத்து முறையை ஒத்திருந்தமையால் அப்பெயரே தகும் என அவர் கருதினார்.

நூல் ஆயத்தமாயிற்று; அதை அச்சிடுவதெங்ஙனம்? கையால் ஆக்கிய பொருள்களைப் புகழும் நூலை நீராவியந்திரத்தில் ஆயிரக்கணக்கில் உருட்டித் தள்ளுவது பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞரால் முன்னரே அளிக்கப்பட்டிருந்தது.

மொறிஸ் இறந்து பத்தாண்டுகளாயினும் அவர் புகழ் அப்போது மங்கவில்லை. நெசவும் சுவர்த்தாளும் வண்ணக் கண்ணாடியும் செய்து பெயர்பெற்ற அவர், முதுமையில் அச்சுத் தொழிலிற் புகுந்து 1891ஆம் ஆண்டு தேம்ஸ் நதிக்கரையில் ஹமர்சிமித் என்னுமிடத்திற் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தைத் தொடங்கினார். எழுத்துருக்களைத் தாமே வரைந்தார். கந்தைத் துணியிற் செய்த கைத்தாளைக் கென்றிலுள்ள ஆலையொன்றிலும், மையை ஜேர்மனியிலிருந்தும் பெற்றார். அவ்வச்சகத்தின் முடிமணி சோசர் என்னும் பழம்புலவரின் முழுத்தொகுதி. 87 மரச்செதுக்குப் படங்களோடு 1896இல் முற்றுப்பெற்ற அப்பெருநூல் தாளில் 425 பிரதிகளும் தோலில் 13 பிரதிகளுமாக வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் மொறிஸ் காலமானார். அவர் பொதுவுடைமை பேசியவர். தொழிலாளர் கூட்டங்களில் நின்று பிரசங்கித்தவர். அவருடைய சோசரின் விலையோ 20 பவுண். தொழிலாளி எவனும் அதை வாங்கியிருத்தல் அரிது. இம்முரண்பாடு மொறிஸின் நண்பர்களுக்கும் தெரிந்ததே.

மொறிஸின் அச்சகம் 1898இல் மூடப்பட்டபோது அதன் யந்திரங்களை வாங்கியவர் சி. ஆர். ஆஷ்பி. எழுத்துருக்களை மட்டும் மொறிஸின் மரணசாதனக்காரர் விற்கவில்லை. ஆஷ்பி 1888இல் கிழக்கு இலண்டனிற் கைவினைஞர் கழகம் ஒன்றை நிறுவியவர். அக்கழகத்தின் ஓர் அங்கமாக எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் எழுந்தது. 1902இல் கழகம் முழுவதும், தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களுமாக, இலண்டனை விட்டுச் சிப்பிங் கம்டன் என்னுஞ் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தில் நசுங்கிய கைத்தொழில் நாட்டுப்புறத்தில் தழைக்குமென்பது ஆஷ்பியின் நம்பிக்கை. ஐந்தாண்டுகளில் அந்நம்பிக்கை கடனாக முடிந்தது. 1907ஆம் ஆண்டளவிற் கழகம் கலையும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆனந்தர் இலங்கையினின்று மீண்டது அவ்வேளையிலேயே. சிப்பிங் கம்டனுக்கு அண்மையிலுள்ள புறோட் கம்டனில் பாழடைந்து கிடந்த நோர்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றை ஆஷ்பி செப்பனிட்டு ஆனந்தருக்கு இல்லமாக அமைத்துக் கொடுத்தார். அச்சகத்தையும் ஆனந்தரே வாங்கினார். தந்தை விட்டுச்சென்ற செல்வம் அதற்கு உதவியது. இவ்வாறு சோசரை அச்சிட்ட அதே யந்திரம், கொழும்பிற் பிறந்த தமிழர் ஒருவரின் கைக்கு வந்தது.

1907ஆம் ஆண்டு செத்தெம்பரில் தொடங்கிய அச்சுவேலை 1908 திசெம்பரில் முடிந்தது. பதினைந்து மாதம்! கையச்சியந்திரத்தின் வேலையை அறியாதார்க்கு இது சோம்பலெனத் தோன்றலாம். எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கத்தைச் சட்டத்தில் இறுக்குவர். தாளை முதல்நாளே நனைத்து ஈரம் சமமாகப் பரவும்படி பாரமேற்றி வைப்பர். உலர்ந்த கைத்தாள் மையைச் செவ்வையாக ஏற்காது. மையிட்டு, தாளை வைத்து, மூடி, உள்ளே தள்ளி, நெம்புகோலை ஒருமுறை உடல்வலுவோடு இழுத்தால் ஒரு தாளின் ஒரு முகம் பதியும். பின்னர் திறந்து, தாளை உலரத் தொங்கவிட்டு, மறுபடியும் மையிடல் வேண்டும். நூல் 340 பக்கம். ஓர் இழுப்புக்கு இரண்டு பக்கமாகக் கொண்டாலும் ஒரு பிரதிக்கு 170 இழுப்பு. 425 பிரதிக்கு எழுபத்தீராயிரத்துக்கு மேல். இதற்குப் புறம்பாக 55 படத்தாள்கள். கண்டி நாட்டுத் தட்டானும் கொல்லனும் தம் தொழிலுக்குக் கொடுத்த பொறுமையை அவர்களைப் பற்றிய நூலுக்கும் கொடுத்தல் கடனென ஆனந்தர் எண்ணினார் போலும். நூலின் இறுதிக் குறிப்பில், மொறிஸ் சோசரை அச்சிட்ட யந்திரத்திலேயே இதுவும் அச்சிடப்பட்டதென்பதைப் பெருமிதத்தோடு பதிவுசெய்தார். பிரதித் தொகையும் மொறிஸின் தாட்பதிப்பின் தொகையாகிய 425 ஆகவே அமைந்தது. இவ்வொற்றுமை தற்செயலென என்னால் நம்ப முடியவில்லை.

இங்கே சற்று நிற்போம். ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியதை நாமெல்லாம் அறிவோம். அவர் கருதியது பெருக்கம்: பாலபாடமும் சைவ வினாவிடையும் குறைந்த விலையில் ஒவ்வொரு வீட்டையும் எட்டவேண்டும் என்பது. ஆனந்தர் கருதியது செம்மை. அச்சுத்தொழில் இவ்விரு வழியிலும் ஒரு நாட்டுக்குத் தொண்டாற்றலாம். ஆயினும் இரண்டாவது வழியில் ஓர் இடர் உண்டு. கண்டிக் கைவினைஞருக்காக வாதாடிய நூல் ஆங்கிலத்தில், இங்கிலாந்துக் கிராமமொன்றில், 425 பிரதிகளாகப் பிறந்தது. அதில் தம் பாட்டன் செய்த வேலையின் படம் இருப்பதை அறிந்த கைவினைஞர் எத்தனைபேர்? நூலைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்நான்கு ஆண்டுகளில் ஆனந்தர் எழுதிவைத்திராவிடின் அச்செய்திகளுட் பல அக்கிழவர்களோடே மறைந்திருக்கும். எழுதிவைத்ததன் பயன் நாட்டுக்கு வந்துசேர்வதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது என்பதையே கூறுகின்றேன்.

புறோட் கம்டனில் அச்சகம் மேலுஞ் சிலகாலம் இயங்கியது. இந்தியக் கலையின் நோக்கங்கள் பற்றிய சிறுநூலும், இந்தியக் கலையிற் கிரேக்கச் சார்பு எவ்வளவு என்பதை ஆராயும் சிறுநூலும் 1908இல் அங்கிருந்து வந்தன. கந்தாரத்துச் சிற்பியே இந்தியனுக்குப் புத்தர் வடிவத்தைக் கற்பித்தான் என்று மேனாட்டறிஞர் உறுதியாகப் பேசிய காலம் அது. அதனை மறுத்தெழுத இத்தகைய சிறிய தனி அச்சகம் அவருக்கு வாய்ப்பாயிற்று. வெளியீட்டாளர் எவருடைய அனுமதியையும் அவர் எதிர்பார்க்க வேண்டியிருந்ததில்லை. ஐஸ்லாந்து மொழியிலிருந்து தாம் பெயர்த்த பழம்பாடலொன்றையும், இந்தியச் சித்திரங்களின் தொகுதிகளையும் அதே யந்திரத்தில் அச்சிடுவித்தார்.

1910இல் இலண்டனில் இந்தியச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஆனந்தரும் ஒருவர். உறுப்பினரிடம் ஆண்டுச் சந்தா பெற்றுச் சிறந்த நூல்களைச் சிறு தொகையில் அச்சிட்டு வழங்குவது அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. இரவீந்திரநாத தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலி முதன்முதல் வெளிவந்தது இச்சங்கத்தின் மூலமே என்பதைப் பலர் அறியார். 1912ஆம் ஆண்டில் 750 பிரதிகள் அச்சாயின. அவற்றுள் 250 மாத்திரமே விற்பனைக்கு விடப்பட்டன. அடுத்த ஆண்டு அந்நூலின் பொதுப்பதிப்பு வெளிவந்தது, நோபல் பரிசும் கிடைத்தது. அதன்பின் அந்த 750இல் ஒன்றை வைத்திருந்தவர் பாக்கியவான் ஆனார்.

ஆனந்தரின் இல்வாழ்க்கை இதற்கிடையில் முறிந்தது. எதெல் அம்மையார் பிரிந்து சென்று மறுமணஞ்செய்து, பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைநெசவாளருள் ஒருவராகப் புகழெய்தினார். தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1916இல் ஹமர்சிமித்திலிருந்த ஒரு சிறு கைவினை அச்சகத்தினின்றே வெளிவந்தது. ஆனந்தர் பின்னரும் மும்முறை மணந்தார். இரண்டாம் மனைவி இரத்தினதேவி இந்திய இசைபாடிய ஆங்கில மாது. அவர் தொகுத்த பஞ்சாப், காஷ்மீரப் பாடல்கள் முப்பதும் 1913இல் இலண்டனில் ஓல்ட் போர்ன் என்னும் சிற்றச்சகத்தில் அச்சாயின. மொறிஸின் பழைய யந்திரமும் ஆனந்தர் கையினின்று நீங்கி அவ்வச்சகத்துக்கே சென்றது.

நூலாக்கத்திலிருந்து அவர் மனம் இப்போது சித்திரங்களின்பாற் சென்றிருந்தது. வட இந்தியாவில் அலைந்து இராசபுத்திர ஓவியங்களை ஆயிரமாயிரமாகப் பார்த்துச் சிறந்தவற்றை வாங்கினார். அதுவரை மொகலாய ஓவியத்தின் கிளையென்று கருதப்பட்டதை இந்து மரபின் தனி ஓவியமென நிலைநாட்டி 1916இல் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். தம் சேகரம் முழுவதையும் காசிமாநகரில் ஒரு தேசிய கலாமண்டபம் அமைப்பதற்கு அளிக்கவும், தாமே அதற்குக் காவலராயிருந்து பணியாற்றவும் முன்வந்தார். வேண்டிய பொருள் திரளவில்லை. அக்காலத்துச் செல்வர் ஒருவரேனும் கைகொடுத்திருப்பின் ஆனந்தரின் பிற்கால வாழ்வு கங்கைக்கரையிற் கழிந்திருக்கும்.

முதலாம் உலகப்போரில், தன்னாட்சி இல்லாத இந்தியாவின் சார்பாளராகத் தாம் பிரித்தானியப் படையிற் சேர இயலாதென மறுத்தார். இங்கிலாந்தில் இருப்பு இடர்ப்பட்டது. 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராக ஏற்றது. டென்மன் றொஸ் என்னும் புரவலர் ஆனந்தரின் ஓவியச் சேகரத்தை வாங்கி அந்நூதனசாலைக்கே அளித்தார். காசி இழந்ததைப் பொஸ்ரன் பெற்றது.

அமெரிக்காவிலும் அவருடைய முதற்பெரும் புகழ்நூல் ஒரு சிறு வெளியீட்டகத்திலிருந்தே வந்தது. நியூயோர்க்கில் இரு பெண்கள் 1916இல் தொடங்கிய சன்வைஸ் ரேண் என்னும் புத்தகக்கடை சில நூல்களை வெளியிட்டும் வந்தது. சிவநடனம் முதலிய பதினான்கு கட்டுரைகளின் தொகுதி 1918இல் அவர்களுடைய வெளியீடாகவே வந்தது. சிதம்பரத்துக் கூத்தின் பொருளை மேனாட்டு உலகம் நியூயோர்க்கின் சிறு புத்தகக்கடையொன்றின் வாயிலாக அறிந்துகொண்டது! உலகெங்கும் பலமுறை மறுபதிப்பாகிய அந்நூலின் முதற்பதிப்பை இன்று கண்ணாற் காண்பதே அரிது.

அடுத்த முப்பதாண்டுகள் நூதனசாலையிற் கழிந்தன. 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை எழுதினார். பின்னர் சமயமும் தத்துவமும் அவருடைய எழுத்தை முற்றும் ஆட்கொண்டன. நூதனசாலையில் அமர்ந்தே, நூதனசாலைகள் எதற்கு என்று வினவி எழுதினார். கோயிலில் வழிபடச் செய்த திருவுருவத்தை மேடையில் ஏற்றி அழகு பார்ப்பது அதன் பொருளை மறத்தலாகும் என்பதும், பயனற்ற அழகை வேண்டிப் பொருள்களைக் குவிப்பது ஒருவகைப் பேதைமை என்பதும் அவர் கொள்கை. 425 பிரதிகளை ஆக்கியவர்தானா இவ்வாறு எழுதினார் என்று கேட்கத் தோன்றும். என் கருத்தில் அவர் மாறவில்லை. புறோட் கம்டனில் அவர் ஆக்கியது படிப்பதற்கான நூலே. செய்யத்தக்கதைச் செவ்வனே செய்தல் என்பதற்கு மேலாக அவர் அதில் அருமையைத் தேடவில்லை. அருமை, தொகையினால் நேர்ந்தது. அதைக் குறைத்து வைத்தவர் தாமே என்பதுதான் மறுக்கவொண்ணாத குற்றச்சாட்டு.

சேகரிப்போரை எள்ளுவது எளிது. ஆனால் ஆனந்தரைப் பற்றி நாம் இன்று இவ்வளவு அறிவதற்குக் காரணர் ஒரு சேகரிப்பாளர். மலாயாவில் குவாந்தனில் ஆசிரியராயிருந்த ஈழத்தமிழர் எஸ். துரைராஜசிங்கம் அவர்கள், ஆனந்தரின் நூல்களையும் துண்டுப்பிரசுரங்களையும் கடிதங்களையும் படங்களையும் பல்லாண்டுகள் தேடித் திரட்டினார். ஆனந்தரின் சிற்றச்சக வெளியீடுகளை மலாயாவில் இருந்துகொண்டு தேடுவது இலேசான காரியமா? வரலாறு எழுதக் குறிப்புக்கள் வேண்டுமென அவர் ஆனந்தருக்கே எழுதியபோது, தம்மைப் பற்றிய வரலாற்றில் தமக்கு விருப்பமில்லையென்றும், அது அடக்கத்தினால் அன்று, கொள்கையினால் என்றும் ஆனந்தர் விடையெழுதினார். சிற்பி தன் பெயரைப் பொறியாத மரபைப் போற்றியவர் வேறெவ்வாறு விடையளிப்பார்? துரைராஜசிங்கம் சோர்ந்திலர். அஞ்சலி மலர்களும் நூற்பட்டியல்களும் தம் செலவில் அச்சிட்டு, 1974இல் நினைவுத் தொகுதியொன்றையும் வெளியிட்டார். அவையும் சிறு தொகையாகவே அச்சானமையால் இப்போது அவற்றையும் தேடிச் சேகரிக்கவேண்டியதாயிற்று.

ஆனந்தர் தமது எழுபதாவது வயது நிறைவில் ஓய்வுபெற்று இமயச்சாரலில் தவவாழ்வு மேற்கொள்ள எண்ணியிருந்தார். இந்தியா விடுதலைபெற்றதைக் கண்டார். மூன்று வாரங்களுக்குப் பின், 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் 9ஆந் திகதி, பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னுமிடத்தில் தம் இல்லத்திற் காலமானார்.

இடைக்காலச் சிங்களக் கலை 1956இல் நியூயோர்க்கிலிருந்து இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. அதன் பின்னரே இலங்கையின் மாணவரும் ஆசிரியரும் அதை நூலகங்களிற் பெற்றுப் படிக்கும் நிலை உண்டாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் ஆனந்தரின் நூல்கள் சேர்த்துவைக்கப்பட்டிருந்தன. 1981ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதியையொட்டிய இரவில் அந்நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000 அளவிலான நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் அவையும் அழிந்தன. அழிந்தவற்றுட் சிலவற்றுக்கு மறுபடி பிரதி வாங்க முடிந்தது, சிலவற்றுக்கு முடியவில்லை. பிரதிகளின் தொகை பற்றி மேலே யான் எழுதியதை இதனோடு சேர்த்து வாசிக்க.

இனி அந்த அச்சியந்திரம். ஓல்ட் போர்ன் அச்சகத்திலிருந்து பலர் கைமாறி, எழுத்துரு வரைவதிற் பேர்பெற்ற பிரெடெரிக் கௌடி என்னும் அமெரிக்கர் 1924இல் அதை வாங்கிக் கடல்கடந்து கொண்டுசென்றார். அவரிடமிருந்தும் நீங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு அச்சகங்கள் சிலவற்றில் உழைத்தது. 1961இல் லீபர்மன் குடும்பத்தார் அதைப் பெற்று அரை நூற்றாண்டு பேணினர். 2013ஆம் ஆண்டு திசெம்பரில் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 233,000 டொலருக்கு விலைப்பட்டது. வாங்கியது றொச்செஸ்ரர் தொழினுட்பக் கல்வி நிறுவனம். அதனைப் பேழையில் அடைக்கவில்லை. அங்கே மாணவர் அதில் மையிட்டு, நெம்புகோலை இழுத்து, அச்சுத்தொழில் பழகுகின்றனர்.